முதல் ட்ரையத்லானுக்கு எந்த சைக்கிள் வாங்கலாம்? லட்சத்தைக் கொட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருத்தர் மெடலோட போட்டோ போடுறார். நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணையும் அடுத்தடுத்து முடிச்சுட்டு, முகமெல்லாம் உப்புப் பூத்துச் சிரிக்கிறார். பார்த்ததும் நமக்கும் ஆசை வந்துடுது. ரெஜிஸ்ட்ரேஷன் லிங்கைத் தட்டியாச்சு, பணமும் கட்டியாச்சு. நீச்சலுக்கு ஒரு கண்ணாடி, ஓடுறதுக்கு ஒரு ஷூ. அது வரைக்கும் சரி. சைக்கிள்?

இங்கேதான் பர்ஸ் நடுங்க ஆரம்பிக்குது. யூடியூபில் 'ட்ரையத்லான் பைக்'னு தேடினால், கேமராவில் தெரியுறதெல்லாம் விண்கலம் மாதிரி இருக்கு. கத்தி மாதிரி ஃபிரேம், தட்டு மாதிரி பின்சக்கரம், முன்னால் கொம்பு நீட்டின ஹேண்டில்பார். சர்வலோ, கேன்யன் ஸ்பீட்மேக்ஸ், ட்ரெக் ஸ்பீட் கான்செப்ட்னு பேரைக் கேட்டாலே மரியாதை வருது. விலையைக் கேட்டால் பல லட்சம். 'நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு சார்'னு கடையிலிருந்து ஒரு குரல் வேற.

கொஞ்சம் பொறுங்க பாஸ். முதல் ரேஸுக்கு உங்களுக்கு ட்ரையத்லான் பைக் தேவையே இல்லை. உங்க உடம்பு அளவுக்குப் பொருந்துற ஒரு சாதாரண ரோடு பைக் போதும். சிலருக்கு, வீட்டுல ஏற்கெனவே நிக்கிற சைக்கிளே போதும். ஏன், எப்படி, எதைப் பார்த்து வாங்கணும்னு விவரமா பார்க்கலாம்.

எந்த தூரம்? அதை முதல்ல சொல்லுங்க!

ட்ரையத்லான்னா ஒரே ரேஸ் இல்லை. ஸ்பிரின்ட் தூரம்னா 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம்னா 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. கோவாவில் 2019-லிருந்து நடக்கிற அயர்ன்மேன் 70.3 மாதிரி அரை தூரப் போட்டின்னா 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். முழு அயர்ன்மேன்னா சைக்கிள் மட்டுமே 180 கி.மீ.

20 கி.மீ. ஓட்டுறவருக்கும் 180 கி.மீ. ஓட்டுறவருக்கும் ஒரே சைக்கிளைப் பரிந்துரை பண்ண முடியாது. முதல் ரேஸ் ஸ்பிரின்ட்தான்னா, வீட்டுல இருக்கிற ஹைப்ரிட் சைக்கிளையே எடுத்துக்கிட்டுப் போகலாம். கியர் வெச்ச எம்டிபி இருந்தால், அந்த முள்ளு முள்ளான டயரைக் கழட்டிட்டு வழவழப்பான டயர் மாட்டுங்க. சில ஆயிரத்தில் சைக்கிளோட குணமே மாறிடும். போட்டி விதிமுறையில் எம்டிபி, ஹைப்ரிட் அனுமதி உண்டான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஹேண்டில்பாரோட ரெண்டு முனையிலும் மூடி இருக்கணும், பிரேக் ரெண்டும் ஒழுங்கா பிடிக்கணும். இதை ரேஸில் செக் பண்ணுவாங்க.

ஒலிம்பிக் தூரமோ, அரை தூரமோ இலக்குன்னா ரோடு பைக் வாங்குறதில் அர்த்தம் இருக்கு. 90 கி.மீ. தூரத்தை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 3 மணி 36 நிமிஷம். அயர்ன்மேன் 70.3-ல் மொத்த ரேஸையும் முடிக்க வழக்கமா எட்டரை மணி நேரம் தருவாங்க. அதனால், இந்த வேகம் பிடிச்சாலே முதல் தடவைக்கு நிம்மதியா முடிச்சுடலாம். இந்த வேகத்துக்கு விண்கலம் தேவையில்லை.

அப்போ ட்ரையத்லான் பைக்னு தனியா எதுக்கு இருக்கு?

நியாயமான கேள்வி. பெரும்பாலான ட்ரையத்லான்களில் இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது. அயர்ன்மேன் போட்டிகளில் நம்மளை மாதிரி வயதுப் பிரிவுக்காரங்க 12 மீட்டர் இடைவெளி விடணும். மீறினால் 5 நிமிஷம் பெனால்டி டென்ட்ல நிக்க வேண்டியதுதான். ஆக, எதிர்க்காற்று முழுக்க உங்களுக்குத்தான். அந்தக் காற்றைக் கிழிக்கத்தான் இந்த டிசைன்.

சாதாரண ரோடு பைக்கில் சீட்டைத் தாங்குற குழாய் ஏறத்தாழ 73 டிகிரி சாய்ஞ்சிருக்கும். ட்ரையத்லான் பைக்கில் அது 76-லிருந்து 80 டிகிரி வரை நிமிர்ந்து நிக்கும். அதனால் நீங்க பெடலுக்கு நேர் மேலே, முன்னால் தள்ளி உட்காருவீங்க. முழங்கையை ஹேண்டில் மேல ஊன்றிக் குனிஞ்சாலும் தொடை வயித்துல இடிக்காது. அமெரிக்காவில் டான் எம்ப்ஃபீல்ட் என்பவர் 1989-ல் 'குயின்டானா ரூ சூப்பர்ஃபார்ம்'னு ஒரு சைக்கிளை இப்படித்தான் கொண்டுவந்தார். ட்ரையத்லானுக்குன்னே பிறந்த முதல் சைக்கிள்னு அதைத்தான் சொல்றாங்க.

அந்தக் கொம்பு ஹேண்டிலுக்குப் பேரு ஏரோ பார். ட்ரையத்லான் ஆட்கள் பயன்படுத்திக்கிட்டிருந்தப்போ ரோடு ரேஸ்காரங்க அதைப் பெருசா எடுத்துக்கலை. 1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள்ல கதையே மாறுச்சு. வெர்சாய்ல இருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனி ஆள் ஓட்டம். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். ஏரோ பார் மாட்டிக்கிட்டு வந்தார். முன்னிலையில் இருந்த லாரன்ட் ஃபின்யோன், ஏரோ பார் இல்லாம, ஹெல்மெட்கூட இல்லாம குடுமி பறக்க ஓட்டினார். மூணு வாரமா நடந்த போட்டியை லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயிச்சார்.

இதைக் கேட்டதும், 'அப்போ ஏரோ பார் வெச்ச சைக்கிளே வாங்கிடலாமே'ன்னு தோணும். ஆனால், இதில் கவனிக்க வேண்டியது வேற. லெமாண்ட் மாட்டியிருந்தது தனியா வாங்கிப் பூட்டுற கம்பி. அவர் உடம்பு குனிஞ்சதில்தான் லாபம். சைக்கிள் ஓட்டும்போது வர்ற காற்றுத் தடையில் ஏறத்தாழ நாலில் மூணு பங்கு உங்க உடம்புக்குத்தான். ஃபிரேம், சக்கரம் எல்லாம் சேர்ந்து மீதி ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைக் கொஞ்சம் குறைக்கத்தான் லட்சக்கணக்கில் கேட்குறாங்க.

இன்னொரு கணக்கு. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி, வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி ஏறும். மணிக்கு 20 கி.மீ.-ல இருந்து 25-க்குப் போனாலே காற்றோட மல்லுக்கட்ட ஏறத்தாழ ரெண்டு மடங்கு சக்தி வேணும். 20-ல இருந்து 40-க்குப் போனால் எட்டு மடங்கு. அதனால்தான் 38, 40-ல பறக்கிறவங்களுக்கு ஒவ்வொரு மடிப்பும் முக்கியம். 24, 25-ல போற நமக்கு அந்த ஃபிரேம் மிச்சம் பண்ணித் தர்றது ரொம்பக் குறைவு.

ஒலிம்பிக்ஸையே எடுத்துக்கோங்க. 2024 பாரிஸில் தங்கம் ஜெயிச்ச அலெக்ஸ் யீ ஓட்டினது ரோடு பைக்தான். ஒலிம்பிக்ஸில் கூட்டமா ஒட்டிப் போக அனுமதி உண்டு, அதனால் பாதுகாப்புக்காக ரோடு பைக் மட்டும்தான்னு விதியே இருக்கு. காரணம் வேறதான். ஆனாலும், 'ட்ரையத்லான்னா ட்ரையத்லான் பைக்தான்'னு யாராவது அடிச்சு விட்டால், இந்த ஒரு பேரைச் சொல்லலாம்.

ஈ.சி.ஆர்-ல எருமை வரும், ஞாபகம் இருக்கட்டும்!

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ட்ரையத்லான் பைக்கில் கியர் மாத்துற பட்டன் ஏரோ பார் முனையில் இருக்கும். பிரேக் அங்கே இருக்காது. வெளிப்பக்க ஹேண்டிலில்தான் இருக்கும். அதாவது, குனிஞ்சு பறந்துக்கிட்டிருக்கும்போது திடீர்னு எதாவது குறுக்கே வந்தால், முதல்ல நிமிரணும், கையை மாத்தணும், அப்புறம்தான் பிரேக். அந்த ஒரு விநாடியில் 30 கி.மீ. வேகத்தில் போற சைக்கிள் 8 மீட்டர் தாண்டிடும்.

வெளிநாட்டு வீடியோவில் மூடின சாலையில் ஓட்டுறாங்க. நம்ம பிராக்டீஸ் எங்கே? சென்னைக்காரங்களுக்கு ஈ.சி.ஆர். கோவை, மதுரைன்னா பைபாஸ். நாய், மாடு, பெயின்ட் அடிக்காத வேகத்தடை, ராங் சைடில் வர்ற டூ வீலர், ஓரத்தில் குவிஞ்ச மணல், ஹாரன் அடிக்காம உரசிப் போற பஸ். இந்த ரோட்டில், நேராப் போகவே பழகாத ஒருத்தர், சீக்கிரம் திரும்பாத ஒரு சைக்கிளில், பிரேக்கில் கை இல்லாம போறதை நினைச்சுப் பாருங்க. முதல் வருஷத்தில் நீங்க கத்துக்க வேண்டியது வேகம் இல்லை. ஒரு கையை விட்டு தண்ணி குடிக்கிறது, பின்னால் திரும்பிப் பார்த்தாலும் நேராப் போறது, வளைவில் பிரேக் பிடிக்கிற நேரம். இதெல்லாம் ரோடு பைக்கில்தான் பயமில்லாமல் கைக்கு வரும்.

ஆழமான கார்பன் ரிம்மும் இதே கதைதான். ஈ.சி.ஆர். வடக்கு தெற்கா, கடலை ஒட்டிப் போகுது. கடல் காத்து கிழக்கிலிருந்து, அதாவது பக்கவாட்டில் அடிக்கும். ஆழமான முன்சக்கரம் அந்தக் காத்தில் பாய்மரம் மாதிரி இழுக்கும். பழகினவங்களே ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பாங்க.

ட்ரையத்லான் பைக் வாங்குறதே தப்புன்னு சொல்லலை. ரெண்டு மூணு ரேஸ் முடிச்சாச்சு, மூச்சைப் பிடிச்சு 30-க்கு மேல ஓட்ட முடியுது, அடுத்து முழு அயர்ன்மேன்தான்னு தீர்மானமாயிடுச்சு, வீட்டுல ட்ரெய்னர் இருக்கு. அப்போ தாராளமா வாங்கலாம். அதுவும், ரோடு பைக்கை விற்காம இரண்டாவது சைக்கிளா வாங்குங்க.

ரோடு பைக்: முதல்ல சைஸ், அப்புறம்தான் கம்பெனி

கடைக்குள்ள போனதும் எல்லாரும் கேட்குற முதல் கேள்வி, 'எந்த பிராண்ட் பெஸ்ட்?' நான் சொல்றது, பிராண்டைக் கடைசியில் பாருங்க. சைஸ் தப்பான ஐந்து லட்ச ரூபாய் சைக்கிளை விட, சைஸ் சரியான ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிள் நல்லா ஓடும். சைஸ் தப்பினால் முதல் 20 கி.மீ. வரை எதுவும் தெரியாது. 60-ஐத் தாண்டும்போது கழுத்து இறுகும், விரல் மரத்துப் போகும், முழங்கால் முன்பக்கம் குத்தும். அதுக்கப்புறம் இறங்கி 21 கி.மீ. ஓடணும்!

ஃபிரேம் சைஸ் 48, 52, 54, 56-னு சென்டிமீட்டரில் இருக்கும், அல்லது எஸ், எம், எல்-னு இருக்கும். ஏறத்தாழ 5 அடி 7 அங்குலம் உயரம்னா 52-லிருந்து 54-க்குள்ள வரும். ஆனால் ஒரு கம்பெனியோட 'எம்' இன்னொரு கம்பெனியோட 'எம்' கிடையாது. இதுக்குத்தான் 'ஸ்டாக்', 'ரீச்'னு ரெண்டு நம்பர் இருக்கு. பெடல் சுத்துற அச்சிலிருந்து, ஹேண்டிலைத் தாங்குற குழாயோட உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்குங்கிறது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளியிருக்குங்கிறது ரீச். எந்த கம்பெனி வெப்சைட்டிலும் 'ஜியோமெட்ரி'ங்கிற பகுதியில் இந்த நம்பர் இருக்கும். ஒரு சைக்கிள் ஓட்டிப் பார்த்து வசதியா இருந்துச்சுன்னா, அந்த ரெண்டு நம்பரையும் குறிச்சு வெச்சுக்கிட்டு மத்த மாடல்களோட ஒப்பிடுங்க. முதுகு, இடுப்பு இறுக்கமா இருக்கிற ஐ.டி. ஆட்களுக்கு ஸ்டாக் கூடுதலா இருக்கிற 'எண்டூரன்ஸ்' வகை ரோடு பைக்தான் நல்லது.

சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. மேலே சொன்ன லெமாண்ட் பேர்லயே இது புழங்குது. வெறுங்காலோட சுவரில் சாஞ்சு நில்லுங்க, ஒரு தடிமனான நோட்டைக் கால்களுக்கு நடுவே மேலே வரை இறுக்கிப் பிடிச்சு, தரையிலிருந்து நோட்டோட மேல் விளிம்பு வரை அளங்க. அதை 0.883-ஆல் பெருக்குங்க. 80 செ.மீ. வந்தால், பெடல் அச்சிலிருந்து சீட் உச்சி வரை 70.6 செ.மீ. இது ஆரம்பப் புள்ளிதான். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் முழுசா நீளாம லேசா மடங்கியிருக்கணும். இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம்னு அர்த்தம்.

உயரம் குறைவானவங்களுக்கு, முக்கியமா 5 அடி 2-க்குக் கீழே இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப விலை மாடல்களில் சின்ன சைஸ் கடையில் ஸ்டாக் இருக்கிறது அபூர்வம். 'எம் சைஸே வாங்கிக்கோங்க மேடம், சீட்டை இறக்கித் தர்றேன்'பாங்க. ஒத்துக்காதீங்க. சீட்டை இறக்கலாம், ஃபிரேம் நீளத்தைக் குறைக்க முடியாது. ஆர்டர் பண்ணிக் காத்திருக்கிறது எவ்வளவோ மேல். சீட்டும் அப்படித்தான். இடுப்பு எலும்போட அகலத்துக்குத் தகுந்த சீட் வேணும். மரத்துப் போறது, வலிக்கிறது எல்லாம் 'பழகிடும்'னு விடுற விஷயம் இல்லை. சீட்டை மாத்துங்க.

கியர், பிரேக், டயர்

கியர் செட்டைப் பத்தி ஆன்லைனில் மணிக்கணக்கா சண்டை போடுறாங்க. ஷிமானோவில் கிளாரிஸ்னா பின்னால் 8 பல்சக்கரம், சோரான்னா 9, டியாக்ரான்னா 10, 105-ன்னா 11 அல்லது 12. முதல் சைக்கிளுக்கு கிளாரிஸ் தாராளம். சோரா கிடைச்சால் சந்தோஷம். அதுக்கு மேல கொடுக்கிற பணத்தை உடம்புக்குப் பொருத்துறதில் போடலாம். கியர் மாத்துற லீவர், பிரேக்கோட சேர்ந்தே இருக்கான்னு மட்டும் பாருங்க. ரொம்ப மலிவான மாடல்களில் கையை எடுத்து நடுவில் கொண்டுபோய் மாத்த வேண்டியிருக்கும். மேடு வர்ற நேரத்தில் அது தொல்லை. முன்னால் 50, 34 பல்லும், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல்லும் இருந்தால் கோவா மேடும் ஏறலாம், ஏற்காட்டிலும் உயிர் பிழைக்கலாம்.

பிரேக் ரெண்டு வகை. ரிம் பிரேக் எடை குறைவு, விலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே சரி பண்ணிடுவார். டிஸ்க் பிரேக் மழையில் நல்லாப் பிடிக்கும், அகல டயரும் போடலாம். இப்போ புது மாடல்கள் டிஸ்க் பக்கம் சாயுது. பழைய ஸ்டாக்கில் நல்ல ரிம் பிரேக் சைக்கிள் தள்ளுபடியில் கிடைச்சால் தயங்காதீங்க. ஃபிரேம் அலுமினியம், முன் ஃபோர்க் கார்பன். இந்த ஜோடி போதும். ஒரு கிலோ எடை குறையுறதுக்காகப் பல ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டாம். சமதளத்தில் அந்த ஒரு கிலோ உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டயர் 28 மி.மீ. போக இடம் இருக்கான்னு கேளுங்க. நம்ம ரோட்டுக்கு அதுதான் சரி. இன்னொரு நடைமுறைச் சிக்கல், ரோடு பைக் டியூபில் இருக்கிறது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. தெருமுனை பங்க்சர் கடை பம்பு அதுக்குச் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணு கிடைக்கும், ரொம்ப மலிவு. வாங்கி வால்விலேயே மாட்டி வெச்சுக்கோங்க. ஊருக்கு வெளியே காத்து இறங்கிட்டால் அதோட அருமை தெரியும்.

நம்ம ஊர்ல கிடைக்கிற ஆரம்ப மாடல்கள்னா டெகத்லான் ட்ரைபன் வரிசை, ட்ரெக் டொமானே ஏஎல் 2, ஜெயன்ட் கன்டென்ட், ஸ்காட் ஸ்பீட்ஸ்டர், மெரிடா ஸ்கல்ச்சுரா, ஸ்பெஷலைஸ்டு அல்லே. எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா, ஸ்பேர் கிடைக்குமான்னு கேட்டுடுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைஞ்சிருக்கு. பில்லில் அது சரியா இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க.

கையில் 70 ஆயிரம் இருந்தால்?

முழுசையும் சைக்கிளிலேயே போட்டுடாதீங்க. 50, 55 ஆயிரத்துக்குள்ள சைக்கிளை முடிங்க. மீதியில் முதல் செலவு ஹெல்மெட். ட்ரையத்லானில் ஹெல்மெட் பட்டையைப் போட்ட பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளையே தொடணும். அதனால் பட்டை சட்டுனு மாட்டுற மாதிரி, தலைக்குச் சரியா உட்காருற மாதிரி பாருங்க. அப்புறம் ரெண்டு பாட்டில் ஸ்டாண்ட், நம்ம வெயிலுக்கு ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? ரெண்டு ஸ்பேர் டியூப், டயர் லீவர், சின்ன பம்பு. முன்னாடி, பின்னாடி லைட். மிச்சத்தில், சைக்கிளை உங்க உடம்புக்கு அளந்து செட் பண்ணித் தர்ற 'பைக் ஃபிட்'. சென்னை, கோவை, பெங்களூரில் பண்றாங்க. அதுக்கான கட்டணம் சில ஆயிரம் ஆகும். என்னைக் கேட்டால், பளபளக்குற சக்கரத்தை விட இதுதான் நல்ல செலவு.

ஷூவோட பூட்டிக்கிற கிளீட் பெடல் முதல் நாளே வேண்டாம். சிக்னலில் காலை எடுக்க மறந்து நின்ன இடத்திலேயே சாயுறது எல்லாருக்கும் நடக்கும். முதல் ஸ்பிரின்ட்டை ஓடுற ஷூவோட, சாதா பெடலில் ஓட்டுங்க. ஷூ மாத்துற நேரமும் மிச்சம்.

ஏரோ பார் மாட்டலாமா?

ரோடு பைக்கில் மூணு, நாலு மாசம் நல்லா ஓட்டினதுக்கு அப்புறம், தாராளமா. தனியா வாங்கிப் பூட்டுற ஏரோ பார் சில ஆயிரத்திலிருந்தே கிடைக்குது. பல லட்ச ரூபாய் சைக்கிள் தர்ற லாபத்தில் பெரும்பகுதி இதிலேயே வந்துடும், ஏன்னா குனியுறது நீங்கதான். சைக்கிள் வாங்கும்போதே ஒண்ணு பாருங்க. ஹேண்டில்பார் நடுப்பகுதி உருண்டையா, 31.8 மி.மீ. குறுக்களவில் இருக்கணும். தட்டையா இருக்கிற சில ஏரோ ஹேண்டில்பாரில் இதை மாட்ட முடியாது. கார்பன் ஹேண்டில்பார்னா, கம்பெனி அனுமதிக்குதான்னு பார்க்காம இறுக்கினால் விரிசல் விடும்.

மாட்டிட்டு அப்படியே ஓட்டினால் இடுப்பு வலிக்கும். சீட் பின்னால் இருக்கு, கை முன்னால் நீண்டுடுச்சு இல்லையா? சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளணும், சிலருக்கு ஹேண்டிலைத் தாங்குற ஸ்டெம்மைக் குட்டையானதா மாத்தணும். பழகுறது வீட்டு ட்ரெய்னரிலோ, ஞாயித்துக்கிழமை விடியற்காலை காலியான ரோட்டிலோதான். கூட்டமா ஓட்டும்போதும், டவுனுக்குள்ளயும் கை பிரேக்கை விட்டு நகரவே கூடாது. ஒலிம்பிக் மாதிரி ஒட்டிப் போற போட்டிகளில் ஏரோ பாருக்கு அனுமதி இல்லைங்கிறதையும் மறக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட்: அடிச்சது லக், ஆனால் தட்டிப் பாருங்க

ஒரே ஒரு ரேஸ் ஓட்டிட்டு மூலையில் நிறுத்தின சைக்கிள் ஊர் பூரா இருக்கு. நல்ல விலைக்குக் கிடைக்கும். பில் கேளுங்க. பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தால் சீரியல் நம்பர் இருக்கும், அதை பில்லோட ஒப்பிடுங்க. சுரண்டியிருந்தால் அப்படியே வந்துடுங்க. அது யாரோட திருட்டுப் போன சைக்கிளோ.

கார்பன் ஃபிரேம்னா ஒரு நாணயத்தால் நெடுக தட்டிட்டு வாங்க. டங் டங்னு வர்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மொத்தையா மாறினால் சந்தேகம்தான். சீட் போஸ்ட்டை மேலும் கீழும் இழுக்கச் சொல்லுங்க, உள்ளேயே இறுகிப் போயிருந்தால் செலவு. ஹேண்டில் டேப்பைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. வீட்டு ட்ரெய்னரில் வருஷக்கணக்கா வியர்வை சொட்டினதும், கடலோர உப்புக் காத்தும் அலுமினியத்தை உள்ளுக்குள்ளேயே அரிச்சிருக்கும்.

செயினுக்கு ஸ்கேல் போதும். செயினில் 12 முழுக் கண்ணி, அதாவது 24 பின், சரியா 12 அங்குலம் இருக்கணும். 12-ஐத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயின் மாத்தணும். எட்டில் ஒரு பங்குன்னா பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க.

பழைய ட்ரையத்லான் பைக்கே மலிவா வருதுன்னாலும் முதல் சைக்கிளா வேண்டாம்னுதான் சொல்வேன். அதை அளவு மாத்துறதும் கஷ்டம், திரும்ப விக்கிறதும் கஷ்டம்.

எப்போ வாங்கணும்? ரேஸுக்குக் குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி. முதல் 300 கி.மீ.-ல ஒயர் எல்லாம் கொஞ்சம் தளரும், கியர் ஒழுங்கா விழாது. பயப்பட வேண்டாம், கடையில் முதல் சர்வீஸை இலவசமா கேட்டு வாங்குங்க. ரேஸில் பங்க்சர் ஆனால் வெளியாள் கை வைக்கக் கூடாது, நீங்களேதான் மாத்தணும். அதனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து பின்சக்கர டியூபை நாலஞ்சு தடவை கழட்டி மாட்டிப் பழகுங்க. கையெல்லாம் கிரீஸ் ஆகும், ஆகட்டும்.

வெளியூர் ரேஸுக்கு ரயிலிலோ, விமானத்திலோ கொண்டு போறீங்கன்னா சீட் உயரம், ஹேண்டில் நிலை எல்லாத்தையும் கழட்டுறதுக்கு முன்னால் டேப் ஒட்டி மார்க் பண்ணி, போனில் போட்டோ எடுத்துக்கோங்க. டிஸ்க் பிரேக் சைக்கிள்னா, சக்கரத்தைக் கழட்டினதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒண்ணைச் செருகிடுங்க. புது சைக்கிள் டப்பாவிலேயே அது வந்திருக்கும், குப்பையில் போட்டுடாதீங்க. இல்லைன்னா வழியில் எங்கேயாவது லீவர் அழுங்கி, ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் ரூமில் பேடை நெம்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க.